உப்பளப் பாதைப் பாலமும் என் வயிற்றெரிச்சலும்

இன்று காலை கூனிமேட்டு டீக்கடை வாசலில் நின்றுகொண்டிருந்தபோது உன் கலவை மெஷின் என்னைக் கடந்து போனது. டிராக்டருக்குப் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு போனார்கள். டிரம்மில் உன் பெயர் இன்னும் அழியவில்லை. சிவப்பு பெயின்டில், தூரத்திலிருந்தே படிக்கும்படி பெரிய எழுத்தில், நீ எழுதவைத்தபடியே இருக்கிறது. எங்கோ பள்ளிக்கூடத்துக்குச் சுற்றுச்சுவர் கட்டுகிறார்களாம். உன் மகள் வாடகைக்கு விட்டிருக்கிறாள். செத்த பிறகும் நீ வேலைக்குப் போகிறாய். டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்தேன்.

போனவர்களுக்கு எழுதும்போது முதலில் நாலு நல்ல வார்த்தை சொல்வார்கள். நான் அப்படி எழுதினால் நீயே நம்பமாட்டாய். உன் மேல் எனக்கு இருந்தது பொறாமை. நீ போய்ச் சில மழைக்காலங்கள் ஆகிவிட்டன, அது போகவில்லை. இன்றைக்குக் கூடுதலாகவே இருக்கிறது, ஏனென்றால் மத்தியானம் டெண்டர் திறக்கிறார்கள்.

உப்பளப் பாதையில் நீ கட்டிய பாலத்தைத் தாண்டிப் போனால் கால்வாய் இன்னொரு தடவை குறுக்கே வருமே, அந்த இடத்துக்கு ஒரு பாலம். நான் போட்டிருக்கிறேன், என் பெயரில். தகுதி பார்க்கிற முதல் கவரில் தேறிவிட்டேன். இன்று விலைக் கவர். மிச்சமிருப்பது திண்டிவனம் பக்கத்துப் பெரிய கைகள் இரண்டு பேர், நான், அப்புறம் உன் மகள். பெட்டியில் கவர் போட்ட காலம் போய் எல்லாம் கம்ப்யூட்டருக்குள் வந்துவிட்டது, வீட்டிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம் என்கிறார்கள். எனக்கு நேரில் போய்ப் பார்த்தால்தான் நம்பிக்கை வரும். அதுவரை சும்மா உட்கார முடியாமல்தான் உனக்கு எழுதுகிறேன்.

நாம் இரண்டு பேரும் ஒரே ஆளிடம் வேலை பார்த்தவர்கள். பெரிய கான்ட்ராக்டர் என்றுதான் அவரைச் சொல்வோம். நீ கொத்து வேலை, நான் கம்பி கட்டுகிற வேலை. மரக்காணத்தில் தலைமுறையாக உப்பளத்துக் கூலிக்குப் போன குடும்பத்திலிருந்து நீ வந்தாய். மீன் வியாபாரத்தில் நொடித்துப்போன வீட்டிலிருந்து நான். உன் கழுத்தில் சிலுவை, என் தலையில் தொப்பி. நாம் சேர்ந்தாற்போல் வந்தால், "சுதந்திர தின போஸ்டர் வருதுடா, யாராச்சும் ஒருத்தன் விபூதி பூசிக்கினு நடுவுல நில்லுங்கடா" என்று சைட்டில் கத்துவார்கள். அப்போதெல்லாம் எனக்கு உன் மேல் பொறாமை கிடையாது. பொறாமைப்பட உன்னிடம் ஒன்றும் இல்லை.

கான்ட்ராக்டராகப் பதிவு செய்ய ஒரே வண்டியில்தான் போனோம். கடைசி வகுப்பு என்று கார்டு கொடுத்தார்கள். கார்டு வந்தால் வேலையும் வரும் என்று நினைத்தோம். வேலை வேறு இடத்தில் முடிவாகிறது என்பது பிறகுதான் தெரிந்தது. டெண்டர் விளம்பரம் வந்தவுடன் இந்தப் பக்கத்துக் கான்ட்ராக்டர்கள் ஒரு லாட்ஜ் மாடியில் கூடுவார்கள். யாருக்கு எந்த வேலை என்று அங்கேயே பங்கு பிரித்துக்கொள்வார்கள். மற்றவர்கள் விலையை ஏற்றிப் போட்டு ஒதுங்கிக்கொள்ள வேண்டும். அதற்குப் பெயர் 'பேசி முடிக்கிறது'. நம்மையும் ஒருநாள் கூப்பிட்டார்கள். பிரியாணி வாங்கிக் கொடுத்தார்கள். ரோடு, பாலம், தண்ணீர்த் தொட்டி எல்லாம் பிரித்து முடித்த பிறகு எனக்குக் கபர்ஸ்தான் சுவர், உனக்குக் கல்லறைத் தோட்டத்துச் சுவர் என்றார்கள். "உங்க ஆளுங்க வேலை, நீங்களே செஞ்சாத்தான் நல்லாயிருக்கும்" என்று பெருந்தன்மையாகச் சொன்னார்கள். அதுவும் நம் பெயரில் கிடையாது. எடுப்பது பெரிய கான்ட்ராக்டர் பெயரில், கட்டுவது மட்டும் நாம்.

மாடிப்படி இறங்கும்போது நீ சொன்னாய்: "என்னா பாய், நம்ம ரெண்டு பேருக்கும் செத்தவங்க சுவருதானா? உயிரோட இருக்கிறவன் நடக்கிற ரோட்ட நாம போடக்கூடாதா?"

"சுவராச்சும் குடுத்தானுங்களே" என்றேன் நான். பிரியாணி எனக்குப் பிடித்திருந்தது.

நான் சுவர் கட்டப் போனேன். நீ போகவில்லை. நீ உன் பெயரில் எடுத்த முதல் வேலையை ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தவன் நான்தான். ஒரு பள்ளிக்கூடத்துக் கக்கூசுக்குக் கதவு மாட்டுகிற வேலை. கதவு, தாழ்ப்பாள், உடைந்த டைல்சுக்கு மாற்று. லாட்ஜ் மாடியில் யாருமே கை நீட்டாமல் தரையில் கிடந்த வேலை அது. அடுத்து ஒரு அங்கன்வாடிக்குத் தரை போட்டாய். அதற்கடுத்து கைப்பம்பைச் சுற்றி ஒரு மேடை. 'கக்கூஸ் கான்ட்ராக்டர்' என்று உனக்குப் பெயர் வைத்ததும் நானே. நீ அதற்கும் சிரித்தாய். நான் கேலி செய்கிறபோது நீயும் சேர்ந்து சிரிப்பது எனக்குப் பிடிக்கவே பிடிக்காது.

அந்தக் காலத்தில் நான் பெரிய பெரிய வேலையில் இருந்தேன். மேல்நிலைத் தொட்டி, நீள வாய்க்கால், உள் கிராமங்களில் பாலங்கள். பெரிய கான்ட்ராக்டர் எடுப்பார், நான் கட்டுவேன். கை நிறையக் காசு வந்தது. புது பைக்கில் உன் கைப்பம்பு மேடையைத் தாண்டிப் போகும்போது வேண்டுமென்றே ஹாரன் அடிப்பேன்.

நீ என்ன செய்தாய்? வேலை முடிந்ததும் எஞ்சினியர் மேசை முன்னால் போய் நின்றாய். வேலையைத் திருப்தியாக முடித்தார் என்று உன் பெயரில் சான்று எழுதிக் கையெழுத்துப் போடுகிற வரை நகரவில்லை. ஒரு தாழ்ப்பாளுக்குச் சான்றா என்று கிளார்க் கேட்டாராம். "அதுவும் கவர்மென்ட் தாழ்ப்பாதானே சார்" என்றாயாம். வரவு செலவெல்லாம் பேங்க் வழியாக நடத்தினாய். வருகிற காசு சொற்பமாக இருந்தாலும் ஜிஎஸ்டி கணக்கு கொடுக்கத் திண்டிவனம் ஆடிட்டரிடம் தவறாமல் போனாய். பாலிடெக்னிக் முடித்து வீட்டில் இருந்த மகளைப் பங்குதாரராகச் சேர்த்து, தொழிலையே கம்பெனி மாதிரிப் பதிவு செய்தாய். இதையெல்லாம் எனக்கு நீ சொல்லாமல் இல்லை. சொல்லிக்கொண்டேதான் இருந்தாய். பைக் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை என்று வைத்துக்கொள்.

சிறுபான்மையினருக்குக் கடன் என்று கலெக்டர் ஆபீசில் போர்டு தொங்குவதை நானும்தான் பார்த்தேன். நமக்கெல்லாம் எங்கே தரப்போகிறார்கள் என்று அந்தப் பக்கம் திரும்பவில்லை. நீ திரும்பினாய், அலைந்தாய், ஜாமீனுக்கு ஆள் பிடித்தாய். அப்படி வந்ததுதான் இந்த மெஷின். அது தெருவுக்குள் வந்த அன்று சர்ச்சிலிருந்து சாமியார் வந்து தண்ணீர் தெளித்து ஜெபம் செய்தார். நீ என் தோளில் கைபோட்டு, "பாய், நீயும் ஒரு துவா செஞ்சிடு, எல்லாம் சேந்து ஓடட்டும்" என்றாய். அத்தனை பேர் முன்னால் நானும் கையேந்தினேன். என்ன கேட்டேன் என்று உனக்குச் சொன்னதில்லை. இதே மாதிரி எனக்கும் ஒன்று வேண்டும், இதைவிடப் பெரிதாக வேண்டும் என்று கேட்டேன்.

பிறகு உப்பளப் பாதைப் பாலம் வந்தது. மழைக்காலத்தில் கால்வாய் பெருகிப் பாதை மூழ்கினால் உப்பு ஏற்றப் போன லாரி அந்தக் கரையிலேயே நிற்கும். அளத்தில் காவலுக்கும் வரப்பு அடைக்கவும் போகிற ஆட்கள், உன் அக்கா உட்பட, இடுப்பளவுத் தண்ணீரில் சேலையைச் சுருட்டிக்கொண்டு திரும்பி வருவார்கள். பாலம் கேட்டு ஊர் மனு போடாத வருஷம் இல்லை. டெண்டர் வந்ததும் அது என் பாலம் என்று முடிவே செய்துவிட்டேன். அந்த மாதிரி எத்தனை கட்டியிருக்கிறேன். பெரிய கான்ட்ராக்டரிடம் சொல்லாமல் முதல் தடவையாக என் பெயரில் போட்டேன். நீயும் போட்டாய்.

முதல் கவரிலேயே என்னைத் தள்ளிவிட்டார்கள். ஆபீசுக்கு ஓடினேன். எஞ்சினியர் நல்ல மனுஷன், உட்காரச் சொன்னார்.

"பாய், இந்தப் பக்கத்துல பாதிப் பாலம் உங்க கை பட்டதுன்னு எனக்கே தெரியும். ஆனா இதே மாதிரி வேலை செஞ்சதுக்குச் சான்று கேக்குறாங்க. உங்க பேருல எங்க இருக்குது?"

"வந்து பாருங்க சார். ஒவ்வொண்ணாத் தட்டிப் பாருங்க. ஒரு விரிசல் இருந்தா என்னைக் கேளுங்க."

"தட்டிப் பாத்தா உங்க பேரா பாய் கேக்கும்?"

அவ்வளவுதான். நான் கட்டிய தொட்டியில் ஊர் தண்ணீர் குடிக்கிறது, நான் கட்டிய பாலத்தில் பஸ் போகிறது, எல்லாம் பெரிய கான்ட்ராக்டரின் அனுபவம். கைப்பம்பு மேடையிலிருந்து வாய்க்கால், வாய்க்காலிலிருந்து குழாய் பதித்த சின்னப் பாலம் என்று நீ ஏறி வந்திருந்தாய். ஒவ்வொரு படியிலும் உன் பெயர் இருந்தது.

டெண்டர் கெடு முடிவதற்கு முன்பே லாட்ஜ் மாடியிலிருந்து உனக்குப் போன் வந்ததாம். "அதெல்லாம் பேசி முடிச்சாச்சு, நீ கெடு வர்றதுக்குள்ள ரேட்ட ஏத்திடு" என்றார்களாம். "எங்கூட யாரும் பேசலியே சார், எப்படி முடிஞ்சிது?" என்று கேட்டாயாம். இதை நீ என்னிடம் சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாய். அந்த வாக்கியம் எனக்கு ஏன் தோன்றவில்லை என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். பாலம் உனக்குக் கிடைத்தது.

வேலை நடக்கும்போது நான் ஒன்றுக்காகக் காத்திருந்தேன். அந்த மண்ணில் உப்புக் கரிக்கும் கிணற்றுத் தண்ணீரை ஊற்றிக் கலவை போட்டால் உள்ளே கம்பி துருப்பிடித்துக் காங்கிரீட் பிளந்துகொண்டு வரும். நல்ல தண்ணீர் மேற்கே உள் கிராமத்திலிருந்து டேங்கரில் வரவேண்டும், செலவு பிடிக்கும். நீ போட்ட விலைக்குக் கட்டாயம் கிணற்றில்தான் கை வைப்பாய் என்று நம்பினேன். நம்பினேன் என்ன, வேண்டிக்கொண்டேன். ஒருநாள் ஆட்கள் சாப்பிட ஒதுங்கிய நேரத்தில் சைட்டுக்கு வந்து, மெஷின் பக்கத்தில் இருந்த தண்ணீர் டிரம்மில் விரலை விட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். தேங்காய்த் தண்ணீர் மாதிரி இருந்தது.

"என்னா பாய், உப்பு பத்தலையா? அளத்துலேர்ந்து ஒரு கை அள்ளியாரட்டா?"

நீ பின்னாலேயே நின்றிருக்கிறாய். உன் ஆட்கள் சோற்றுக் கையோடு சிரித்தார்கள். நீ என்னை இழுத்து உட்காரவைத்து உன் தூக்குச்சட்டியிலிருந்து மீன்குழம்பு ஊற்றினாய். குழம்பு நன்றாக இருந்தது, அதுவும் எரிச்சலாகத்தான் இருந்தது. பாதிச் சாப்பாட்டில் மெதுவாகச் சொன்னாய்: "கோச்சிக்காத பாய். ஒரு கக்கூஸ் கதவாச்சும் உன் பேருல எடு. அப்புறம் பாரு."

நான் கை கழுவிக்கொண்டு வந்துவிட்டேன். அதற்குப் பிறகு உன்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. நீ தப்பாகச் சொல்லியிருந்தால் மறுநாளே வந்து சண்டை போட்டிருப்பேன். சரியாகச் சொன்னவனோடு என்ன பேசுவது?

பாலம் முடிந்து அடுத்த மழை வருவதற்குள் நீ போய்விட்டாய். நெஞ்சுவலி என்றார்கள், பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே முடிந்துவிட்டது என்றார்கள். வந்தேன். லாட்ஜ் மாடி ஆட்கள் ஒருவர் விடாமல் மாலையோடு வந்திருந்தார்கள். எஞ்சினியர் வந்திருந்தார். உப்பளத்து ஆட்கள் வேலையைப் போட்டுவிட்டுப் பெட்டியின் பின்னால் நடந்தார்கள். என் மவுத்துக்கு இதில் பாதிக் கூட்டமாவது வருமா என்று நின்றபடியே யோசித்தேன். என் மகன்கள் இரண்டு பேரும் கல்ஃபில். டிக்கெட் கிடைத்தால் வருவார்கள். அழுகை வந்தது. அழுதுகொண்டேதான் பொறாமைப்பட்டேன்.

பிறகு நானும் கதவு மாட்டப் போனேன். பெரிய கான்ட்ராக்டரிடம் இனி என் பெயரில்தான் என்று சொல்லிவிட்டு வந்தேன். கேட்டவர்கள் எல்லாம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். "அத்தா, இந்த வயசுல உங்களுக்கு இதெல்லாம் தேவையா? பணம் அனுப்பறோம்ல" என்று பெரியவன் போனில் சத்தம் போட்டான். பணம் அவன் அனுப்பலாம், பெயரை யார் அனுப்புவது? முதல் சான்றுக்கு ஆபீஸ் வாசலில் காத்துக் கிடந்தபோது, கூச்சத்தில் என்னால் அங்கே நிற்கவே முடியவில்லை. நீ இதே இடத்தில் எப்படிச் சிரித்துக்கொண்டு நின்றாய் என்று நினைத்தேன். அதிலும் நீ என்னைவிட ஒரு படி மேலே. கதவுக்குப் பிறகு சமையல்கூடம், வாய்க்கால், குழாய்ப் பாலம் என்று நானும் ஏறிவிட்டேன். என் வீட்டுக்காரி ஒவ்வொரு சான்றையும் லேமினேட் போட்டு பீரோவில் நகையோடு வைத்திருக்கிறாள்.

உன் மகள் கெட்டிக்காரி. நீ பதிவு செய்துவைத்த கம்பெனியை அப்படியே ஓட்டுகிறாள். உன் பாலம் இப்போது அவளுடைய அனுபவம். சாகும்போதும் நீ வேலையைச் சுத்தமாக முடித்துவிட்டுப் போயிருக்கிறாய்.

நேரமாகிவிட்டது. ஆபீசுக்குக் கிளம்புகிறேன். வந்து மிச்சத்தை எழுதுகிறேன்.

வந்துவிட்டேன். சாயங்காலம் அஸர் தொழுதுவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

உன் மகள் எனக்கு முன்னாலேயே வந்து பெஞ்சில் இருந்தாள். "வாங்க மாமா" என்று நகர்ந்து இடம் விட்டாள். திண்டிவனத்து ஆட்கள் வரவில்லை, போனில் பார்த்துக்கொள்வார்கள். புதிதாக வந்திருக்கிற எஞ்சினியர் கம்ப்யூட்டரைத் திருப்பி எங்களுக்குக் காட்டினார். பாதிக்குமேல் எனக்குப் படிக்கத் தெரியாத இங்கிலீஷ். என் பெயர் மட்டும் எந்த இங்கிலீஷிலும் தெரியும். அது முதல் வரியில் இருந்தது.

"எல்-ஒன் நீங்கதான் பாய்" என்றார் எஞ்சினியர். குறைந்த விலை நான்தான் என்று அர்த்தம். பாலம் எனக்கு. இரண்டாவது வரியில் உன் கம்பெனி, கொஞ்ச வித்தியாசத்தில்.

நான் திரும்பி உன் மகளைப் பார்த்தேன். அவள் முகம் சுண்டிப்போயிருந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு திரையையே பார்த்தாள். அச்சாக உன் முகம், ஆனால் உன் முகத்தில் அப்படி ஒரு கடுப்பை நான் ஒருநாளும் பார்த்ததில்லை. அதைப் பார்க்க எத்தனை வருஷம் ஆசைப்பட்டிருக்கிறேன் தெரியுமா? ஒரு நிமிஷம் எனக்கு நன்றாகத்தான் இருந்தது. பொய் சொல்வானேன்.

வெளியே ஸ்கூட்டர் பக்கத்தில் அவள் நின்றாள். "சந்தோஷம் மாமா" என்றாள். குரலில் சந்தோஷம் இல்லை. பிறகு அவளால் அடக்க முடியவில்லை.

"கம்பி வேலையிலதான் மாமா விட்டுட்டேன். அதுக்கு ஏத்திப் போட்டுட்டேன்."

"யாருகிட்டம்மா கூலி கேட்ட?"

"திண்டிவனத்துல ஒருத்தருகிட்ட. உங்ககிட்ட கேக்கலாம்னு போனக்கூட எடுத்தேன். எதிரா போடறவங்ககிட்ட எப்படிக் கேக்குறதுன்னு வச்சிட்டேன்." ஹெல்மெட்டைக் கையில் உருட்டினாள். "அப்பாவா இருந்தா கேட்டிருப்பாரு. இந்த வேலை எங்களுக்குத்தான் வந்திருக்கும்."

"ஆமாம்மா" என்றேன். "வந்திருக்கும்."

அவளைச் சமாதானப்படுத்துவதற்காகச் சொன்னதல்ல. முதல் பாலத்துக்கு நீ அப்படித்தான் கேட்டாய். டெண்டர் போட்டு முடிக்கிற அன்று காலையில் போன் செய்து, "பாய், கம்பி கட்ட என்னா கூலி போடற?" என்றாய். "யோவ், நாம ரெண்டு பேரும் எதிரெதிரா நிக்கிறோம்யா, உனக்கு வெக்கமே கெடையாதா?" என்று கத்தினேன். "அதனாலதான் கேக்குறேன். உனக்குத் தெரிஞ்ச மாதிரி வேற எவனுக்குத் தெரியும்?" என்றாய். திட்டித் தீர்த்துவிட்டு, சரியான கூலியைச் சொன்னேன். ஏறுமாறாகச் சொல்லியிருக்கலாம். உன்னிடம் மட்டும் அது என் வாயில் வராது. இந்தத் தடவையும் நீ இருந்திருந்தால் கூப்பிட்டிருப்பாய், நான் திட்டிக்கொண்டே சொல்லியிருப்பேன், நீ என்னைவிடக் குறைத்துப் போட்டிருப்பாய். நான் வீட்டுக்கு வந்து தட்டை நகர்த்திவிட்டு வீட்டுக்காரியிடம் எரிந்து விழுந்திருப்பேன்.

இன்று வீட்டுக்காரி பாயசம் வைத்திருக்கிறாள். மகன்கள் போனில் மாறி மாறிப் பேசினார்கள். நான் கேட்டது கிடைத்துவிட்டது: உயிரோடு இருக்கிறவர்கள் நடக்கிற ஒரு பாலம், என் பெயரில். எனக்கு சந்தோஷம்தான். ஆனால் உன் மேல் இருக்கிற பொறாமை இன்றோடு தீரும் என்று நினைத்தேன், அது அப்படியே இருக்கிறது. இதை யாரிடம் கொண்டுபோய்த் தீர்ப்பது என்றும் தெரியவில்லை. உன்னை ஜெயித்துவிட்டேன் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். கை வரமாட்டேன் என்கிறது. நான் உன்னை ஜெயிக்கவில்லை. இந்தத் தடவை நீ டெண்டர் போடவில்லை.